ஊருணியும் சட்டமும்

சிவகங்கை மாவட்டத்தில், காரைக்குடிக்கு வடக்கே பள்ளத்தூர் என்னும் பேரூர் அமைந்துள்ளது. கோட்டையூரும் கானாடுகாத்தானும் அதற்கு அண்மையில் உள்ளன. நகரத்தார் எழுப்பிய நெடிய மாளிகைகளால் பெயர்பெற்ற செட்டிநாட்டு ஊர்களுள் அதுவும் ஒன்று. ஒரு தெருவில் முகப்பும் மறுதெருவில் பின்கட்டுமாக நீண்டு கிடக்கும் அம்மாளிகைகளைக் காண வருவோர், பர்மாத் தேக்குத் தூண்களையும் பளிங்குத் தரையையும் வியந்து பேசுவர். கூரையை வியப்பவர் சிலரே. ஆயினும் அவ்வீடுகளின் அறிவெல்லாம் கூரையில் அன்றோ உள்ளது! ஓடுகள் முற்றத்தை நோக்கிச் சரிந்திருக்கும். வானத்திலிருந்து வீழும் நீரில் ஒரு துளியும் வீணாகாமல் முற்றத்தில் இறங்கும். அண்டாக்களிலும் கிடாரங்களிலும் வீட்டார் பிடித்துக்கொண்டது போக, எஞ்சிய நீர் வடிகால் வழியே தெருவை அடைந்து, வரத்துக்கால்களில் ஓடி, ஊருணியில் சென்று சேரும்.

இவ்வளவு கருத்தோடு நீரைச் சேர்த்தது ஏன்? அந்நாட்டில் ஆண்டு முழுதும் ஓடும் ஆறு இல்லை. செம்மண்ணும் செம்புறாங்கல்லும் நிறைந்த வானம் பார்த்த பூமி அது. ஐப்பசி, கார்த்திகையில் பெய்யும் வடகிழக்குப் பருவமழையைப் பெரிதும் நம்பி, அடுத்த மழை வரும்வரை உயிர் காக்க வேண்டிய நாடு. தமிழ்நாட்டில் எல்லாக் கட்டடங்களிலும் மழைநீரைச் சேகரித்தல் வேண்டும் என்று அரசு சட்டம் செய்தது 2003ஆம் ஆண்டில். செட்டிநாட்டார் அதனைப் பல தலைமுறைக்கு முன்னரே, எவரும் ஏவாமல் செய்திருந்தனர்.

ஊரால் உண்ணப்படும் நீரையுடையது ஆதலின் ஊருணி எனப் பெயராயிற்று. வயலுக்குப் பாய்வது கண்மாய். குளிப்பதற்கும் துவைப்பதற்கும் உரியது குளம். குடிப்பதற்கு மட்டும் உரியது ஊருணி. இம்மூன்றும் மயங்குதல் கூடாது என்பது ஊரின் முறை. குடிநீர் ஊருணிக்குச் சுற்றுச்சுவர் இருக்கும். கால்நடை இறங்காது. செருப்பைக் கழற்றிவிட்டே படித்துறையில் இறங்குவர். அந்நீரில் கால் கழுவுவதும் வாய் கொப்புளித்து உமிழ்வதும் பெரும்பிழை எனக் கருதப்பட்டன. கோடையில் நீர் வற்றியபொழுது வண்டல் வாரிக் கரையைச் செப்பனிடுவர். மழைக்கு முன்னர் வரத்துக்கால்களில் மண்டிய புதரை வெட்டிக் குப்பையை அகற்றுவர். புதுநீர் கலங்கலாக வந்தால், வீட்டுப் பெண்டிர் தேற்றாங்கொட்டையைப் பானையின் உட்புறத்தில் இழைத்து அதனைத் தெளியச் செய்வர். இவற்றுள் எதுவும் ஏட்டில் எழுதிய சட்டம் அன்று. படித்துறையில் நிற்கும் மூதாட்டி ஒருத்தியின் கண்ணே காவல். அவள் நாவே தண்டனை.

அம்முறையைப் புகழ்வோர் மறைக்கலாகாத செய்தி ஒன்று உண்டு. ஊருணியின் தூய்மையைக் காத்த அதே ஊர்க்கட்டுப்பாடு, தூய்மை என்னும் சொல்லையே கருவியாகக் கொண்டு, மனிதருள் ஒரு சாராரைப் படித்துறையில் கால் வைக்க ஒட்டாது தடுத்தது. கரையோரத்தில் குடத்தோடு காத்து நின்று, பிறர் முகந்து ஊற்றினால் பெற்றுக்கொள்ளும் இழிநிலைக்கு அவர்களை ஆளாக்கியது. தமிழ்நாட்டு ஊர்கள் பலவற்றுக்கும் இக்குற்றம் பொது. கால் கழுவியவனைக் கண்டித்த ஊர், தாகத்தோடு வந்தவனையும் கண்டித்தது. இந்திய அரசமைப்புச் சட்டம் 1950ஆம் ஆண்டில் நடைமுறைக்கு வந்தபொழுது, பொதுக் கிணறுகளையும் குளங்களையும் நீராடு துறைகளையும் பயன்படுத்தச் சாதி முதலிய காரணங்களால் எவரையும் தடுத்தல் ஆகாது என அதன் 15ஆம் பிரிவு விதித்தது. 1955ஆம் ஆண்டின் தீண்டாமைக் குற்றச் சட்டம் அத்தகைய தடையைத் தண்டனைக்குரிய குற்றமாக்கியது. ஆகவே, இச்சட்டம் ஊருணிக் கரைக்கு வந்தது, நீரின் அழுக்கைப் போக்குவதற்கு அன்று. மனத்தின் அழுக்கைப் போக்குவதற்கு. வழக்கம் தானே திருத்திக்கொள்ளாத ஒன்றைச் சட்டம் திருத்த முற்பட்டது.

நிற்க. ஊர்வழக்கத்திற்கு மற்றொரு குறையும் உண்டு. அது கண்ணும் நாவும் அறிந்தவற்றை மட்டுமே காக்க வல்லது. நீர் கலங்கினால் கண் அறியும். உப்பானால் நாக்கு அறியும். நாறினால் மூக்கு அறியும். சுவையும் நிறமும் மணமும் காட்டாத நஞ்சு நீரில் கலந்தால் யார் அறிவார்? பத்துக் கல் தொலைவிலுள்ள ஆலை ஒன்றின் கழிவு, மண்ணுக்குள் மெல்ல ஊர்ந்து ஒருவன் கிணற்றை அடைந்தால், அவன் எந்தப் படித்துறையில் நின்று யாரைக் கண்டிப்பான்?

பழைய சட்டம் இதற்கு விடை கூறவில்லை. ஆங்கிலேயர் 1860ஆம் ஆண்டில் இயற்றிய இந்தியத் தண்டனைச் சட்டத்தில் 277ஆம் பிரிவு என ஒன்று இருந்தது. பொது ஊற்று அல்லது நீர்த்தேக்கத்தின் நீரை வேண்டுமென்றே கெடுப்பவனுக்கு மூன்று மாதம் வரை சிறையோ, 500 ரூபாய் வரை அபராதமோ, இரண்டுமோ விதிக்கலாம் என்றது அது. ஊருணியில் அழுக்குத் துணியை அலசுபவனுக்கு அச்சட்டம் போதும். பேராலைக்கு 500 ரூபாய் எம்மாத்திரம்? மேலும், அப்பிரிவில் ஊற்று உண்டு, தேக்கம் உண்டு. ஆறு என்னும் சொல் இல்லை. அத்தண்டனைச் சட்டம் முழுவதும் 2024ஆம் ஆண்டு சூலை முதல் நாளன்று நீங்கிப் புதிய சட்டம் வந்தபின், இக்குற்றத்திற்குரிய சிறை ஆறு மாதம் வரையும் அபராதம் 5,000 ரூபாய் வரையும் உயர்ந்துள்ளன.

நீர் கெடுவதைச் சட்டம் செய்வோர் உணர்வதற்குக் காலம் பிடிப்பது எந்நாட்டிலும் உள்ளதே. இலண்டன் மாநகரின் கழிவெல்லாம் தேம்சு ஆற்றில் கலந்து, ஏழை மக்கள் வாந்திபேதியால் மடிந்தபொழுது, பாராளுமன்றத்தார் நிதானமாகவே ஆராய்ந்துகொண்டிருந்தனர். 1858ஆம் ஆண்டுக் கோடையில் ஆற்றின் நாற்றம் பாராளுமன்ற மாளிகைக்குள்ளேயே புகுந்தது. சாளரத் திரைகளைச் சுண்ணாம்புக் குளோரைடில் தோய்த்துத் தொங்கவிட்டும் பயனில்லை. பின்னர்ச் சில வாரங்களுக்குள்ளேயே கழிவுநீர்க் கால்வாய்கள் கட்டுவதற்கான சட்டம் நிறைவேறியது! மூக்கைத் தொடாதவரை மூளையைத் தொடாத இயல்பு ஆங்கிலேயர்க்கு மட்டும் உரியது அன்று.

இந்தியாவில் இதற்கென ஒரு தனிச் சட்டம் வந்தது 1974ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்களில். நீர் மாசு தடுப்பு மற்றும் கட்டுப்பாட்டுச் சட்டம் என்பது அதன் பெயர். அதனை இயற்றுவதில் ஒரு சிக்கல் இருந்தது. அரசமைப்பின்படி நீர் மாநிலங்களின் அதிகாரத்திற்கு உட்பட்டது. பாராளுமன்றம் தானாக அதில் தலையிட இயலாது. ஆறோ மாநில எல்லையை அறியாது ஓடுவது. ஆகவே அரசமைப்பின் 252ஆம் பிரிவு காட்டிய வழியைப் பின்பற்றினர். இரண்டு அல்லது அதற்கு மேற்பட்ட மாநிலங்களின் சட்டமன்றங்கள் தீர்மானம் நிறைவேற்றி வேண்டினால், பாராளுமன்றம் அம்மாநிலங்களுக்காகச் சட்டம் இயற்றலாம். பிற மாநிலங்கள் பின்னர் விரும்பி ஏற்கலாம். முதலில் வேண்டிய மாநிலங்கள் 12. அவற்றுள் தமிழ்நாடு இல்லை. பின்னரே அது இச்சட்டத்தை ஏற்றது. தமிழ்நாட்டு மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் அமைந்தது 1982ஆம் ஆண்டு பிப்ரவரி 27ஆம் நாள். சட்டம் பிறந்ததற்கும் அதனை நடத்தும் வாரியம் இங்குத் தோன்றியதற்கும் இடையே ஏறக்குறைய எட்டு ஆண்டுகள் கழிந்தன.

அச்சட்டத்தின் சொற்களுள் ஒன்று எண்ணி மகிழத் தக்கது. எது நீரோட்டம் என அது வரையறுக்கும் இடத்தில், ஆற்றை மட்டும் கூறி நின்றுவிடவில்லை. ஓடும் கால்களையும், அப்பொழுதைக்கு வறண்டு கிடக்கும் கால்களையும், இயற்கையாகவோ செயற்கையாகவோ அமைந்த உள்நாட்டு நீர்நிலைகளையும், நிலத்தடி நீரையும், கடல்நீரையும் ஒருங்கே சேர்த்துக் கூறியது. வறண்ட காலும் நீரோட்டமே. மண்ணுக்குள் மறைந்த நீரும் நீரோட்டமே! தமிழ்நாட்டு ஆறுகளை அறிந்தவர்க்கு இதன் அருமை விளங்கும். எட்டுத் திங்கள் மணலாகக் கிடந்து நான்கு திங்கள் நீராக ஓடும் ஆறுகள் அல்லவோ இங்குப் பல! அம்மணலைப் பொட்டல் எனக் கருதிக் கழிவைக் கொட்டுபவன், சட்டத்தின் கண்ணில் ஆற்றிலேயே கொட்டுகிறான்.

இச்சட்டத்தின்படி, நீரைக் கெடுக்கும் பொருளைத் தெரிந்தே நீரோட்டத்திலோ கிணற்றிலோ விடுதல் கூடாது. கழிவுநீரை வெளிவிடும் எந்தத் தொழிற்சாலையும் வாரியத்தின் இசைவைப் பெறுதல் வேண்டும். வாரியத்தின் அலுவலர் ஆலைக்குள் புகுந்து கழிவுநீரை எடுத்துச் சோதிக்கலாம். எடுக்கும் முறையையும் சட்டமே வகுத்துள்ளது. சோதனைக்கு எடுக்கும் கருத்தை ஆலை உடையவருக்கு அவ்விடத்திலேயே எழுத்தால் அறிவித்தல் வேண்டும். எடுத்த நீரை அவர் முன்னிலையில் இரு கூறாக்கி, இரண்டு கலங்களில் இட்டு, அரக்கு முத்திரை போன்ற அடையாளமிட்டு மூடி, இருவரும் கையொப்பம் இடுதல் வேண்டும். ஒன்று வாரியத்தின் ஆய்வுக்கூடத்திற்குச் செல்லும். உடையவர் வேண்டினால் மற்றொன்று வேறோர் ஆய்வுக்கூடத்திற்குச் செல்லும். படித்துறை மூதாட்டியின் கண்ணும் நாவும் செய்த வேலையை இவ்விரண்டு குப்பிகளும் ஏற்றுக்கொண்டன. அவள் சொல்லை ஊர் நம்பியது. குப்பியின் சொல்லை நீதிமன்றம் நம்புவதற்காக இத்தனை முத்திரைகள்.

இச்சட்டம் செய்ததும் செய்யத் தவறியதும் பள்ளத்தூரில் இருந்து பார்த்தால் நன்கு புலப்படா. அவற்றைக் காணத் தமிழ்நாட்டின் வட பகுதிக்குச் சென்று பாலாற்றங்கரையில் நிற்றல் வேண்டும்.

பாலாறு கருநாடகத்தில் நந்தி மலைப் பகுதியில் தோன்றி, ஆந்திரத்தைக் கடந்து, வாணியம்பாடி, ஆம்பூர், வேலூர், இராணிப்பேட்டை ஆகிய ஊர்களின் வழியே வந்து வங்கக் கடலில் கலக்கின்றது. மேலே மணல், கீழே நீர். ஆற்றுப் படுகையில் ஊறும் நீரைக் கொண்டே கரையிலுள்ள ஊர்கள் குடித்தன. கிணற்றுப் பாசனம் நடந்தது. தோல் பதனிடும் தொழிலும் அக்கரையில் நெடுங்காலமாக உண்டு. முன்னாளில் ஆவாரம்பட்டையும் கடுக்காயும் கொண்டு தோலைப் பதனிட்டனர். பின்னர்க் குரோமிய உப்புக்களைக் கொண்டு விரைவாகப் பதனிடும் முறை பரவியது. 1970ஆம் ஆண்டுகளின் தொடக்கத்தில், அரைகுறையாகப் பதனிட்ட தோலை அயல்நாட்டிற்கு அனுப்புவதைக் குறைத்து, முற்றும் முடித்த தோலையே அனுப்புமாறு இந்திய அரசு ஊக்கியது. நாட்டிற்கு அயல்நாட்டுச் செலாவணி வேண்டியிருந்தது. பல்லாயிரம் குடும்பங்களுக்கு வேலை வேண்டியிருந்தது. இரண்டும் கிடைத்தன. ஆனால் தோலை முடிக்கும் வேலைகள் யாவும் நீரையும் வேதிப்பொருள்களையும் வேண்டுவன. நீரைக் காக்கச் சட்டம் செய்த அதே ஆண்டுகளில், நீரைக் கெடுக்கும் தொழிலை வளர்க்கும் கொள்கையும் அதே தலைநகரில் பிறந்தது. வலக்கை விதைத்த களையை இடக்கை பறிக்க வேண்டியதாயிற்று.

பதனிடுதலில் வரும் தீங்கு குரோமியம் ஒன்றே எனப் பலர் கருதுவர். அதற்கு நிகரான தீங்கு, சமையலறையிலுள்ள உப்பு! உரித்த தோல் அழுகாதிருக்க அதன்மேல் உப்பை அள்ளித் தூவுவர். ஆலைக்கு வந்தபின் தோலை ஊறவைத்து அலசும்பொழுது அவ்வுப்பு முழுவதும் கழிவுநீரில் கரைகிறது. குரோமியத்தைக் கழிவுநீரிலிருந்து சேறாகப் படியவைத்துப் பிரித்துவிடலாம். கரைந்த உப்பு அவ்வாறு படிவதில்லை. சுத்திகரித்த பின்னரும் தெளிந்த நீராகவே தோன்றி, உப்பைச் சுமந்துகொண்டு மண்ணுக்குள் இறங்கும்.

ஒரு கிலோகிராம் தோலை முடிப்பதற்கு ஏறத்தாழ 35 லிட்டர் நீர் செலவாவதாகவும், குரோமிய முறையில் ஏறத்தாழ 170 வகை வேதிப்பொருள்கள் பயன்படுவதாகவும் பின்னர் உச்ச நீதிமன்றத்தில் எடுத்துக்காட்டப்பெற்றது. தோல் தொழில் நடக்கும் பகுதியில் ஏறத்தாழ 35,000 ஹெக்டேர் விளைநிலம் ஓரளவாகவோ முழுமையாகவோ பயிருக்குத் தகாததாயிற்று எனத் தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் வேலூர் ஆய்வு நிலையம் கண்டது. திண்டுக்கல் பகுதியில் 13 சிற்றூர்களில் ஓர் அமைப்பு நடத்திய ஆய்வில், 467 கிணறுகளுள் 350 கெட்டிருந்தன.

இவ்வளவும் நிகழ்ந்தபொழுது சட்டம் உறங்கிற்றா? முற்றும் உறங்கவில்லை. வாரியம் அறிவிப்புகளை அனுப்பியது. கழிவுநீர்ச் சுத்திகரிப்பு நிலையங்களை அமைக்குமாறு ஏறத்தாழப் பத்தாண்டுகள் வேண்டிக்கொண்டே இருந்தது. பொது நிலையம் அமைக்க அரசு மானியமும் தர முன்வந்தது. ஆலையினர் காலம் கேட்டனர், காலம் தரப்பட்டது. 1984ஆம் ஆண்டு டிசம்பரில் போபாலில் நச்சு வாயு கசிந்து ஆயிரக்கணக்கானோர் மாண்டபின், 1986ஆம் ஆண்டில் சுற்றுச்சூழல் பாதுகாப்புச் சட்டம் வந்தது. 1988ஆம் ஆண்டில் நீர்ச் சட்டமும் திருத்தப்பெற்றது. விதியை மீறும் ஆலையை மூடவும் அதன் மின்சாரத்தைத் துண்டிக்கவும் வாரியமே ஆணையிடும் அதிகாரம் பிறந்தது. வாளும் வந்தது, உறையும் இருந்தது, உறையிலிருந்து வாளை உருவும் கைதான் காணப்படவில்லை.

அக்கை பொதுமக்களிடமிருந்து வந்தது. வேலூர்க் குடிமக்கள் நல மன்றம் 1991ஆம் ஆண்டில் உச்ச நீதிமன்றத்தில் வழக்குத் தொடுத்தது. அதற்காக வாதாடியவர் எம்.சி. மேத்தா. 1996ஆம் ஆண்டு ஆகஸ்டு 28ஆம் நாள், நீதியரசர் குல்தீப் சிங் உள்ளிட்ட மூவர் தீர்ப்புக் கூறினர். தோல் தொழில் நாட்டிற்கு அயல்நாட்டுச் செலாவணியையும் வேலையையும் தருவது உண்மையே எனினும், சூழலை அழிக்கவும் மக்களின் உடல்நலத்திற்குத் தீங்கு செய்யவும் அதற்கு உரிமை இல்லை என்பது அத்தீர்ப்பின் கரு. மாசு செய்தவனே அதற்குரிய இழப்பைச் செலுத்தவும் கெட்ட சூழலைச் சீராக்கவும் கடமைப்பட்டவன் என்னும் கோட்பாடு இந்நாட்டுச் சட்டத்தின் பகுதியே என அது நிலைநாட்டியது. தீங்கு விளையும் என ஐயுற இடமிருந்தால், அறிவியல் முற்றும் தெளியும்வரை காத்திராமல் முன்னரே தடுத்தல் வேண்டும் என்றும், தீங்கில்லை எனக் காட்டும் பொறுப்பு ஆலை நடத்துபவனுடையது என்றும் கூறியது. கிணறு கெட்டவனே கெடுத்தவனைத் தேடி மெய்ப்பித்தல் வேண்டும் என்றிருந்த நிலையை இது தலைகீழாக்கிற்று. ஆலை ஒவ்வொன்றும் 10,000 ரூபாய் தண்டம் செலுத்துமாறும், குறித்த நாளுக்குள் சுத்திகரிப்பு அமைப்பும் வாரியத்தின் இசைவும் பெறாதவை மூடப்படுமாறும் நீதிமன்றம் ஆணையிட்டது. இழப்பைக் கணக்கிட ஓர் ஆணையம் அமைக்கவும், சூழல் வழக்குகளை ஆராயச் சென்னை உயர் நீதிமன்றத்தில் தனி ஆயம் ஒன்று அமையவும் அத்தீர்ப்பே வழிசெய்தது.

அதன் பயன் மெய்யானது. பொதுச் சுத்திகரிப்பு நிலையங்கள் எழுந்தன. மூடப்பட்ட ஆலைகள் பல, நிபந்தனைகளை நிறைவேற்றிய பின்னரே திறந்தன. அணையம் 2001ஆம் ஆண்டு மார்ச்சில், 547 ஆலைகள் 29,193 பேருக்கு 26.82 கோடி ரூபாய் இழப்பீடு தருதல் வேண்டும் எனக் கணக்கிட்டது. ஒருவருக்குச் சராசரியாக 10,000 ரூபாய்க்கும் குறைவான தொகை அது. ஒரு கிணற்றை மீண்டும் இனிக்கச் செய்ய அது போதுமா என எவரும் கேட்கலாம்.

சுத்திகரிப்பிலும் ஒரு மிச்சம் உண்டு. நீரிலிருந்து பிரித்த நஞ்சு எங்கேனும் இருந்துதானே ஆகவேண்டும்? இராணிப்பேட்டையில் 2015ஆம் ஆண்டு சனவரி 31ஆம் நாள் விடியுமுன், பொதுச் சுத்திகரிப்பு நிலையம் ஒன்றின் சேற்றுத் தொட்டியின் சுவர் இடிந்தது. அருகிலிருந்த தோல் ஆலைக்குள் கழிவுச் சேறு புகுந்து, உறங்கிக்கொண்டிருந்த தொழிலாளர் 10 பேர் உயிரிழந்தனர். அவருள் பெரும்பாலோர் பிழைப்புத் தேடி மேற்கு வங்கத்திலிருந்து வந்தவர்.

பாலாற்று வழக்கும் 1996ஆம் ஆண்டோடு முடிந்துவிடவில்லை. இழப்பீடு முற்றும் சென்று சேரவில்லை எனவும், மாசு தொடர்கிறது எனவும் முறையீடுகள் எழுந்தன. 2025ஆம் ஆண்டு சனவரி 30ஆம் நாள் உச்ச நீதிமன்றம் மீண்டும் தீர்ப்பளித்தது. நிலுவையிலுள்ள இழப்பீட்டை வழங்குமாறும், ஆலையினரிடமிருந்து அதனைத் தண்டுமாறும், ஆற்றின் நிலையைக் கண்காணிக்க ஓய்வுபெற்ற உயர் நீதிமன்ற நீதியரசர் தலைமையில் குழு அமைக்குமாறும் ஆணையிட்டது. முதல் தீர்ப்பு வந்த ஆண்டில் பிறந்த குழந்தை, இரண்டாம் தீர்ப்பு வந்தபொழுது 28 வயதை எட்டியிருக்கும்.

திருப்பூரில் நிகழ்ந்தது சற்று வேறு. பின்னலாடைக்குச் சாயமேற்றும் பட்டறைகளின் கழிவு நொய்யல் ஆற்றில் கலந்து, பாசனத்திற்கெனக் கட்டிய ஒரத்துப்பாளையம் அணையைச் சாயக்குட்டை ஆக்கியது. அணையில் நீர் இருந்தும் அதனைத் திறக்க வேண்டா எனக் கீழ்ப்பகுதி உழவர் கெஞ்சும் விந்தை உண்டாயிற்று! அவர்கள் தொடுத்த வழக்கில், விதியை நிறைவேற்றாத சாயப்பட்டறைகளை மூடி மின்சாரத்தைத் துண்டிக்குமாறு சென்னை உயர் நீதிமன்றம் 2011ஆம் ஆண்டு சனவரியில் ஆணையிட்டது. நூற்றுக்கணக்கான பட்டறைகள் ஒருங்கே நின்றன. தொழிலாளர் பலர் வேலையிழந்து ஊர் திரும்பினர். அதன்பின், கழிவுநீரில் ஒரு சொட்டும் வெளியேறாதவாறு அதனை வடித்து மீண்டும் பயன்படுத்தும் முறை அங்கு நிலைபெறலாயிற்று. செலவு மிகுந்த முறைதான். வடித்தபின் எஞ்சும் உப்பும் மூட்டைகளில் குவிகின்றது. எனினும், பட்டறை மூடும் வரையில் இயலாது என்றிருந்தது, மூடிய பின்னர் இயல்வதாயிற்று.

இனி, பள்ளத்தூருக்கு மீள்வோம். அங்குத் தோல் ஆலைக் கூட்டமோ சாயப்பட்டறை வரிசையோ இல்லை. ஆதலின் சட்டத்திற்கு அங்கு வேலையில்லை எனக் கருதுதல் பொருந்தாது. 1974ஆம் ஆண்டுச் சட்டம் ஆலைக் கழிவை மட்டும் குறிப்பதன்று. வீடுகளிலிருந்து வரும் கழிவுநீரும் அதற்கு உட்பட்டதே. உள்ளாட்சி மன்றங்களும் அதற்குக் கட்டுப்பட்டவையே. ஆலையை அடக்கிய அளவுக்கு அச்சட்டம் ஊர்களை அடக்கவில்லை என்பதே உண்மை. மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் 2021ஆம் ஆண்டில் வெளியிட்ட கணக்கின்படி, இந்திய நகரங்களில் நாள்தோறும் உண்டாகும் கழிவுநீர் 72,368 மில்லியன் லிட்டர். சுத்திகரிக்கப்பெற்றது 20,236 மில்லியன் லிட்டர் மட்டுமே. எஞ்சியது எங்கே செல்லும்? பள்ளத்தை நோக்கித்தான் நீர் செல்லும். ஊர்களில் பள்ளமான இடம் ஊருணியே.

செட்டிநாட்டில் மாளிகைகள் பல பூட்டிக் கிடக்கின்றன. உடையவர் சென்னையிலும் அயல்நாட்டிலும் வாழ்கின்றனர். திருமணத்திற்கும் படைப்பிற்கும் வந்து செல்கின்றனர். இருப்போர்க்குக் குழாய் நீர் வருகின்றது. குடிப்பதற்கு விலைக்கு விற்கும் நீர்க்கலங்களும் வருகின்றன. நல்லதே. வெயிலில் குடம் சுமந்து நடந்த பெண்களின் துன்பம் குறைந்தது. ஆனால், ஊர் உண்ணாது விட்டபின் ஊருணிக்குக் காவல் யார்? தான் குடிக்கும் நீர் என்பதனாலேயே முன்னாளில் ஒவ்வொருவரும் அதனைக் காத்தனர். குடிப்பது நின்றதும் காவலும் நின்றது. மூதாட்டி நின்ற படித்துறையில் ஆகாயத்தாமரையும் நெகிழிப் பையும் மிதக்கும் ஊருணிகளை அந்நாட்டில் இன்று காணலாம். கரையைக் காக்கும் ஊர்களும் இல்லாமலில்லை. அங்கெல்லாம் நீர் இன்றும் தெளிந்தே நிற்கின்றது.

சட்டமும் ஓரிடத்தில் நின்றுவிடவில்லை. 2024ஆம் ஆண்டில் நீர்ச் சட்டம் திருத்தப்பெற்றது. குற்றங்கள் பலவற்றுக்கு இருந்த சிறைத் தண்டனை நீங்கி, 10,000 ரூபாய் முதல் 15 இலட்சம் ரூபாய் வரை பணத் தண்டம் விதிக்கும் முறை வந்தது. அத்திருத்தமும் முன்போலவே சில மாநிலங்களின் வேண்டுதலால் எழுந்தது. பிற மாநிலங்கள் தத்தம் சட்டமன்றத் தீர்மானத்தால் ஏற்கலாம். சிறைக்கு அஞ்சாதவன் பணத்திற்கு அஞ்சுவான் என்பார் ஒரு சாரார். பெருஞ்செல்வர்க்கு 15 இலட்சம், அந்நாளைய 500 ரூபாய் போன்றதே என்பார் மற்றொரு சாரார். பாலாற்றின் வரலாற்றை நோக்கின், தண்டத்தின் அளவைக் காட்டிலும் அது வந்து சேரும் விரைவே பெரிதெனத் தோன்றுகின்றது.

பள்ளத்தூரைப் போன்ற ஊர்களில் வரத்துக்கால் ஆண்டில் பெரும்பகுதி வறண்டே கிடக்கின்றது. சட்டத்தின் சொற்படி அதுவும் நீரோட்டமே. அதில் நீர் இல்லாத திங்களில் ஒருவன் தன் வீட்டுக் கழிவுக் குழாயை அதற்குள் திருப்புகின்றான். மற்றொருவன் கட்டட இடிபாட்டைக் கொட்டுகின்றான். கோழிக்கடைக் கழிவும் இரவோடு இரவாக வந்து சேர்கின்றது. எடுத்துச் சோதிக்க நீர் இல்லாமையால் அப்பொழுது எந்தக் குப்பியும் நிறைவதில்லை. ஐப்பசியில் மேகம் திரண்டு, மாளிகைகளின் ஓட்டுக் கூரைகளில் மழை சடசடவென வீழ்கின்றது. கூரை கட்டியவன் எண்ணியபடியே நீர் முற்றத்தில் இறங்கித் தெருவுக்கு வந்து, வரத்துக்காலில் பாய்ந்து, அங்குக் கிடப்பவற்றையெல்லாம் சுமந்துகொண்டு ஊருணியை நோக்கி ஓடுகின்றது.